கிணற்றுக்கு முழு மதிப்பெண்

1

தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பதற்காகவே மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவன், உப்புக் கிணற்றுக்குள் கருவியை விட்டுப் பார்த்து, ஆட்கள் முன்னால் ‘முதல் தரமான தண்ணி’ என்று தீர்ப்புச் சொன்னால் அவனை என்ன செய்யலாம்? வேலையை விட்டுத் தூக்கலாம். எங்கள் நகராட்சிக்கு விஷயம் தெரியாததால் இன்னும் தூக்கவில்லை. ஆமாம், அந்த ஆள் நான்தான். நடந்தது மண்ணூரில், சென்ற கோடை விடுமுறையில்.

இதை யாரிடமும் சொல்லாமல் கெட்டிக்காரத்தனமாகத்தான் மறைத்து வைத்திருந்தேன். இன்று காலை மாட்டிக்கொண்டேன், அதுவும் என்னிடமே.

நான் இருப்பது வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் ஒரு சின்ன ஊர். ஊருக்கு நடுவே ஒரு ஆறு. பெயர்தான் ஆறு. கடல் தினமும் அதற்குள் ஏறி வந்து, நலம் விசாரித்துவிட்டு இறங்கிப் போகும். அந்தத் தண்ணீரை உறிஞ்சி, உப்பை நீக்கி, ஊருக்குக் குடிக்க அனுப்பும் ஆலையில் எனக்கு வேலை. இன்று விடியும்போது ஆற்றின்மேல் பனிமூட்டம் நின்றது. மலைப்பக்கம் பனி உருகி வந்ததில் ஆற்றின் உப்பு வெகுவாக இறங்கியிருந்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரு எண்: ஒன்று புள்ளி எட்டு. கூட வேலை செய்கிறவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் டோனட் பெட்டியைத் திறந்தார்.

எனக்கு மட்டும் காது சூடாகியது. அதே எண்ணை நான் இதற்கு முன் பார்த்த இடம் தாமுவின் கிணறு.

2

அந்த எண்ணைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஊரில் இப்போது தண்ணீர் கேன் போடுகிறவர் முதல் அபார்ட்மென்ட் செயலாளர் வரை எல்லோருக்கும் டிடிஎஸ் தெரியும். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்கிற அளவு. கேன் தண்ணீரில் ஐம்பது, அறுபது. ஐந்நூறைத் தாண்டினால் முகம் சுளிப்பார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் தரை கழுவத்தான். எங்கள் ஆற்றில் பேச்சே வேறு. கோடையில் கடல் ஏறும் நேரம் இருபதாயிரம் வரை போகும். அதனால் எங்கள் மீட்டர் ஆயிரங்களைச் சுருக்கிக் காட்டும். இருபதாயிரம் என்றால் இருபது. ஆயிரத்து எண்ணூறு என்றால் ஒன்று புள்ளி எட்டு. நாள் முழுக்க இருபதோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஒன்று புள்ளி எட்டு வெல்லப்பாகு.

கோடையில் ஆறு மெலிந்து கடல் கொழுக்கும்போது ஆலை மூச்சு வாங்கும். ‘ஆற்றை மட்டும் நம்பினால் ஆகாது, துணைக்கு வேறு தண்ணீர் பாருங்கள்’ என்று நகராட்சி சொன்னது. பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெண்ணுக்கு வரன் பார்ப்பது மாதிரிதான். ஊருக்கு மேற்கே சில கிணறுகள் ஒரு வரன். கைவிட்ட கல்குவாரியில் தேங்கிக் கிடக்கும் மழைநீர் இன்னொன்று. பக்கத்து ஊரிலிருந்து குழாய் இழுக்கலாம். சாக்கடை நீரைச் சுத்தம் செய்து திரும்பக் கொண்டுவரலாம். அந்த வரனைப் பற்றிப் பேச்செடுத்தாலே கூட்டத்தில் பாதிப் பேர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். அதற்குள் எத்தனை வாசல்! குவாரியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்க மீன்களுக்கான அலுவலகம் சம்மதிக்க வேண்டும், பறவைகளுக்கான அலுவலகம் சம்மதிக்க வேண்டும். பாறை இடுக்குக் கூட்டில் முட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வருவார் என்றார்கள். அவர் வந்து சேர்வதற்குள் முட்டை பறந்து போயிருந்தது.

இப்படி மாதக்கணக்கில் மதிப்பெண் போட்டதில் எனக்கே கிறுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மழை பெய்தால் ஜன்னலோரம் நின்று ஏழு, ஏழரை என்று முணுமுணுப்பேன். தூக்கத்தில் ஊர் ஏரியும் இந்த ஊர்க் குவாரியும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, நடுவில் நான் ஒரு பாட்டிலோடு மிதந்துகொண்டிருப்பேன்.

ஒன்று கவனியுங்கள். நான் பார்த்த வரன்கள் எல்லாம் ஆலைக்குள் போய்ச் சுத்தமாகி வரவேண்டியவை. யாரும் அப்படியே குடிக்கப்போவதில்லை. அந்தக் கணக்கில், உப்பு இரண்டுக்குக் கீழே என்றால் முழு மதிப்பெண். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

3

விடுமுறையில் தங்கியது படப்பையில் அக்கா வீட்டில். கூட வந்தது மகள் மீரா மட்டும். அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகப்போகிறவள். காதில் எப்போதும் ஏதோ பாடிக்கொண்டிருக்கும். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும், அதுவும் ஒரு காது காலியாக இருந்தால்.

எனக்கு உடம்பு படப்பையில், தூக்கம் அங்கே. பகலெல்லாம் கண்ணுக்கு முன்னால் ஒரு மெல்லிய திரை தொங்கியது. விடியற்காலையில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு பால்கனியில் உட்காருவேன். ஒரகடம் போகும் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். உள்ளே நீல விளக்கு. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு தலை சாய்ந்து தூங்கும். ஒரு ஊர் முழுதும் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போவது போலிருக்கும். சத்தம் போடக்கூடத் தோன்றாது, யாராவது விழித்துவிட்டால்?

ஆலையிலிருந்து பேனா அளவில் ஒரு மீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். தச்சனுக்கு டேப் மாதிரி, எனக்கு அது. குழாய்த் தண்ணீரில் விட்டேன், கேனில் விட்டேன், இளநீரில் விட்டேன். ஒரு மத்தியானம் ரசத்தில் விட்டபோது அக்கா பார்த்துவிட்டாள்.

“ஏண்டா, ரசத்துக்கு ஜொரமா?”

“உப்பு பாக்குறேன்க்கா. ஒம்போது காட்டுது.”

“பத்துக்கு ஒம்போதா? அந்த ஒரு மார்க்கு எதுக்குடா கொறச்ச?”

அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. மார்க்கு எது, அளவு எது என்று அப்போதே நான் பிரித்துப் பார்த்திருக்கலாம். நான் சிரித்துவிட்டு அப்பளம் கேட்டேன்.

4

தாமு என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. மண்ணூர்க்காரன். நான் விமானம் ஏறியபோது அவன் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நின்றான். நான் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் அதே லைனில் நின்றான். இந்த முறை நிற்கவில்லை. ‘புது மெசின் வந்துச்சு, என்னிய வூட்டுக்கு அனுப்பிச்சு’ என்று போனிலேயே ஒரு வரியில் முடித்துவிட்டிருந்தான்.

அவன் ஸ்கூட்டர் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றது.

“இன்னாடா மச்சான், தண்ணி ஆபீசராமே நீ? ஒரு ஒத்தாச பண்ணு. எங்கூட்டுக் கெணறு கீதுல்ல...”

விஷயம் இதுதான். தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் தங்கும் ஒரு பெரிய ஹாஸ்டல், அவன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில். அவர்களுக்குச் சொந்த போர் இருக்கிறது, அதைச் சுத்தம் பண்ண ஆர்ஓ இயந்திரமும் இருக்கிறது. ஆனால் கோடையில் போர் தண்ணீர் பாதிதான் வருகிறது. துணைக்கு வேறு தண்ணீர் தேடுகிறார்கள். டேங்கர் லாரியா, இன்னொரு போர் போடுவதா, தாமுவின் கிணறா என்று மேனேஜர் யோசித்துக்கொண்டிருக்கிறார். கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆற்றுக்குப் பதில் போர். மற்றபடி அப்படியே என் அட்டவணை!

“இது செட்டாச்சுன்னா நான் இங்கியே இருந்துக்குவேன்டா,” என்றான் தாமு. “இல்லாங்காட்டி ஓசூருல பையன் வூட்டுக்குப் போயிடணும். செல்வி இப்பவே பொட்டி கட்றதப் பத்திப் பேசிகினு கீறா. அங்க போயி மருமவகிட்ட ரிமோட்டு கேட்டுகினு குந்தியிருக்கணும். நீ வந்து ஒரு வார்த்த சொல்லு, போதும்.”

தாமு ஸ்கூட்டரில் முன்னால் போக, நானும் மீராவும் ஆட்டோவில் பின்னால் போனோம். உச்சி வெயில், என் உடம்புக்கு அது நடுராத்திரி. வழியெங்கும் மதில்கள். ஒரு மைதானம் நிறையப் புதுக் கார்கள், வெள்ளைப் பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டு, கானலில் லேசாக மிதந்தன. பக்கத்தில் மீரா இருப்பதையே மறந்து, கொஞ்ச தூரம் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன்.

தாமுவின் கிணற்றுக்கு மூன்று பக்கமும் கம்பெனி மதில். நிலத்தை எடுத்துக்கொண்டபோது கோணலாக மிஞ்சிய துண்டில் கிணறு மட்டும் தப்பியிருந்தது. எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு வட்டம் வானம். மதிலுக்கு அப்பால் தகடு அடிக்கும் இயந்திரம் இறங்கும்போதெல்லாம் தண்ணீரில் ஒரு வளையம் கிளம்பி, சுவரைத் தொட்டு, மெதுவாக அழியும். திரும்ப ஒன்று. கிணறு மூச்சு விடுகிறது என்று தோன்றியது. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

மேனேஜர் சேகர் வந்திருந்தார். எதையும் சீக்கிரம் முடிக்க விரும்புகிற மனிதர். தாமுவின் மனைவி செல்வி டீ கொடுத்தாள், அருமையான டீ. தாமு வாளியில் தண்ணீர் சேந்தி வைத்தான். நான் பேனாவைத் திறந்து, டாக்டர் மாதிரி ஒரு செருமல் செருமி, உள்ளே விட்டேன்.

ஒன்று புள்ளி எட்டு.

ஆற்றங்கரையில் எத்தனை கோடை நான் தவம் கிடந்தும் வராத எண்! கண்ணுக்கு முன்னால் அட்டவணையின் கட்டம் தானாகப் பச்சை நிறமானது.

“எப்படி சார் கீது?” என்றார் சேகர்.

“முதல் தரம். முழு மார்க்கு குடுக்கலாம்.”

“எவ்ளோ சார் காட்டுது?”

“ஒண்ணு புள்ளி எட்டு.”

“அடேங்கப்பா. நம்ம ஊரு மீட்டருலாம் நூறு, எரநூறுன்னு கூவும் சார். ஃபாரின் மீட்டருல்ல.”

குடித்துப் பார்த்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் தொழிலில் நாங்கள் குடிப்பதில்லை. மீட்டரைக் குடிக்க வைப்போம்.

குடித்தது மீரா. வாளியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் ஊற்றியவள், திரும்பி மதிலோரம் துப்பினாள். “அப்பா, இட்ஸ் சால்ட்டி!”

“அது அங்க பொறந்த புள்ள. ஃபில்டர் தண்ணிய தவிர ஒண்ணும் தெரியாது,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் காதுக் கருவியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. “இல்லண்ணே, நாங்களே கேன் தண்ணிதான்...” என்று ஆரம்பித்தாள்.

தாமு அவளைப் பேச விடவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பத்து வயது குறைந்திருந்தது. “பாத்தியா செல்வி! இம்மா நாளா நல்ல தண்ணிய வூட்ல வெச்சிகினு கேனுக்கு அலஞ்சிகினு இருந்துகீறோம். நாளையிலேருந்து கேன் வாணாம்.”

“மொதல்ல நீ குடி,” என்றாள் செல்வி.

அவன் குடித்தான். ஒரு சொம்பு முழுதும். கண் கொஞ்சம் இடுங்கியது. என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். மிச்சத்தையும் குடித்து முடித்தான்.

5

அதன்பின் சில நாட்கள் நான் ஊரில் பெரிய மனிதனாக நடமாடினேன். ஒருவர் தன் போரைப் பார்க்கக் கூப்பிட்டார். இன்னொருவர், எந்தக் கம்பெனிக்குத் தண்ணீர் எடுக்க வந்திருக்கிறேன், நிலமும் எடுப்பார்களா என்று ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டார். இந்தப் பக்கம் கையில் கருவியோடு ஒருத்தன் நடந்தாலே மனை விலை அசையும்.

பிறகு சேகரின் போன் வந்தது. “சார், தண்ணி சரியில்லன்னு பசங்க கத்துறாங்க. கொஞ்சம் ஹாஸ்டல் வரைக்கும் வாங்க.” குரலில் சார் மட்டும்தான் மரியாதையாக இருந்தது.

மீராவோடு ஆட்டோவில் போனால், வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. “ஆதார் காட்டு சார்.”

என்னிடம் ஆதார் இல்லை. வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது செல்லாது. கம்பெனி ரூல்ஸு,” என்றார்.

“மேனேஜர்தான் கூப்பிட்டாரு. நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்.”

“மன்னிப்பு கேக்கணும்னாலும் ஆதார் வோணும் சார்.”

ஆக, நான் கேட்டுக்கு வெளியே, சேகர் உள்ளே. நேரம் பார்த்து ஷிப்ட் முடிந்த பஸ் வந்து நின்றது. சீருடையில் பையன்கள் இறங்கி, உள்ளே போகாமல் என்னைச் சுற்றி நின்றார்கள். சேகர் என்னை அறிமுகப்படுத்தினார். சுருக்கமாகத்தான். “இவருதான்.”

நெல்லைப் பக்கத்துப் பையன் ஒருவன், இசக்கி என்று பெயர், முன்னால் வந்தான். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அவன் முகத்தில். “அண்ணாச்சி, நீங்களா அந்தத் தண்ணிய நல்லாருக்குன்னு சொன்னது? பருப்பு வேகவே மாட்டுக்கு. சாம்பாரக் கடிச்சுல்லா திங்கோம். சோப்பு போட்டா நுரையே இல்ல. எங்கூர்ல அதுல மாட்டக்கூட குளிப்பாட்ட மாட்டோம்.”

“டீ திரிஞ்சு போச்சு அண்ணாச்சி,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “தலமுடி சடைபிடிச்சுப் போச்சு,” என்றது இன்னொன்று. “நாளைக்கும் இதே தண்ணின்னா நாங்க வேற ரூம் பாத்துக்கிடுதோம்,” என்றது மூன்றாவது. அதற்கு எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

“மன்னிக்கவும்,” என்றேன் நான். கம்பிக்கு நடுவே நின்று செய்தி வாசிப்பது மாதிரி இருந்தது. ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சேகர் சிரிக்கவில்லை. “தாமுவ இன்னியோட நிறுத்தச் சொல்லிட்டேன் சார். டேங்கர்காரன்கிட்ட பேசிட்டேன்.”

அப்போதுதான் எனக்குத் தூக்கம் கலைந்தது. ஊருக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முழுதாக விழித்தேன் என்று நினைக்கிறேன்.

“தாமு தண்ணிய எதுல விட்டீங்க?”

“எதுலன்னா? மேல டேங்க்லதான், நேரா. ஃபர்ஸ்ட் கிளாஸ் தண்ணின்னு நீங்கதான சொன்னீங்க?”

“ஆர்ஓ மெசினுக்குள்ள விடலையா?”

“சுத்தமான தண்ணிய எதுக்கு சார் சுத்தம் பண்ணணும்?”

நியாயமான கேள்வி. என் ஆற்றையும், ஆலையையும், இருபதையே பார்த்தவன் ஒன்று புள்ளி எட்டைக் கண்ட ஆனந்தத்தையும் அந்தக் கேட் வழியாக விளக்கினேன். நான் நல்ல தண்ணீர் என்று சொன்னது குடிப்பதற்கு இல்லை, இயந்திரத்துக்குள் விடுவதற்கு என்றேன். அவர்கள் போர் தண்ணீரோடு கிணற்றுத் தண்ணீரைக் கலந்து ஆர்ஓவின் வாயில் விட்டால் சமாளிக்கும் என்றேன். வாட்ச்மேன் உட்பட எல்லோரும் கேட்டார்கள்.

சேகர் கடைசியில் சொன்னார்: “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? செரி, எங்க ஆர்ஓ சர்வீஸ் ஆளு வந்து பாத்து சொல்லட்டும். உங்க மீட்டர் வேணாம் சார்.”

திரும்பும்போது ஆட்டோவில் மீரா காதில் பாட்டோடு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்போதே சொன்னேனே என்று அவள் குத்திக்காட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ரொம்ப தூரம் போனபின், காதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு, அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்.

“தாமு அங்கிள் ஊர விட்டுப் போயிடுவாரா? உங்கள மாதிரி?”

சாலையோரம் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கழற்றிய காதுக் கருவியை அவள் என் காதில் வைத்துவிட்டாள். என்ன பாட்டு என்று புரியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

6

கிளம்புவதற்கு முன் தாமு வீட்டுக்குப் போனேன். சர்வீஸ் ஆள் இன்னும் வரவில்லை. கூடத்தில் இரண்டு பெட்டிகள் இறக்கி, துடைத்து, திறந்து வைத்திருந்தன. ஒன்றுக்குள் பூனை படுத்திருந்தது. மூலையில் தண்ணீர் கேன் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. தாமு என்னைத் திட்டவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினான். கிணற்றடிக்கு நான் மட்டும் போய் நின்றேன். வளையம் கிளம்பி, சுவரைத் தொட்டு, அழிந்தது.

இங்கே வந்து சேர்ந்ததும் கூட்டத்தில் என் அட்டவணையை வைத்தார்கள். மேற்குக் கிணறுகளின் கட்டம் பச்சையாகப் பளபளத்தது. நான் கையைத் தூக்கி, இந்த மதிப்பெண் யாருக்கு என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும், ஆலைக்கா, வாய்க்கா, என்றேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று பார்த்தார்கள். தெரிந்ததாகவே இருக்கட்டும், எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். கிணறுகளும் குவாரியும் இறுதிச் சுற்றில் இருக்கின்றன. குவாரிக்கு மறுபடி முட்டைக்காரர் வர வேண்டுமாம்.

தாமுவுக்கு நான் பல மாதம் போன் செய்யவில்லை. ஓசூரிலிருந்து எடுத்தால் என்ன பேசுவது?

இன்று கைதட்டல் அடங்கி, டோனட் தீர்ந்தபிறகு, ஆற்றங்கரைக்கு வந்து அவனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். மணி அடித்து எடுத்ததும் முதலில் கேட்டது அவன் குரல் இல்லை. தூரத்தில் தகடு அடிக்கும் இயந்திரம். ஒரு இறக்கம், ஒரு அமைதி, மறுபடி ஒரு இறக்கம். கிணற்றடியில் நிற்கிறான் என்று தெரிந்துவிட்டது. அவன் பேசுவதற்குள் எனக்குப் பாதி உயிர் வந்தது.

“கீறேன்டா, இங்கதான் கீறேன்,” என்றான். சர்வீஸ் ஆள் வந்து பார்த்து, போர் தண்ணீரோடு கலந்து ஆர்ஓவில் விட்டால் தேறும் என்று சொன்னானாம். நினைத்ததில் பாதித் தண்ணீர்தான் எடுக்கிறார்கள். ஆனாலும் எடுக்கிறார்கள். பெட்டிகள் பரண் ஏறிவிட்டன. பூனைக்குத்தான் வருத்தம்.

சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. இன்றைக்கு எங்கள் ஆறும் உன் கிணறும் ஒரே எண், ஒன்று புள்ளி எட்டு, இங்கே எல்லோரும் கைதட்டினார்கள் என்று சொன்னேன். பனி விலகி ஆறு வெளுத்துக்கொண்டிருந்தது. மறுமுனையில் இயந்திரம் ஒருமுறை இறங்கியது.

“நீ அங்க மெசின வெச்சி உப்புத் தண்ணிய நல்ல தண்ணி ஆக்குற,” என்றான் தாமு. “இங்க வந்து வெறும் வாயாலியே ஆக்கிட்டுப் போயிட்ட. அத நம்பி ஒரு சொம்பு குடிச்சவன் நானு. அடுத்த தபா வரச்சொல்ல சாக்லேட்டு மட்டும் எட்த்துகினு வா. அந்த மீட்டர அங்கியே வெச்சிட்டு வா.”